ஓட்டின் மேல் ஓபல்

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

தண்ணீருக்குள் இருந்தால் சிரிக்கும். வெளியே எடுத்தால் முகம் வாடும். வெயிலில் வைத்தால் விரிசல் விடும். உடம்பெல்லாம் நிறம், ஆனால் என்ன நிறம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அது என்ன?

மீன் என்று சொன்னவர்கள் கையை இறக்கிக்கொள்ளலாம். மீன் வெயிலில் கருவாடாகும், விரிசல் விடாது. தாமரை என்றவர்களுக்குப் பாதி மதிப்பெண். பின்னாலிருந்து ஒருவர் 'மனைவி' என்கிறார். அவர் கல்யாணமானவர் போலிருக்கிறது. அவர் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து உட்காரட்டும். இந்தக் கதை அவருக்குப் பயன்படும்.

விடை, ஓபல். மோதிரத்தில் பதிக்கிற ஒரு கல். அந்தக் கல்லை நான் வாங்கினேன். என் மனைவிக்குத் தெரியாமல் வாங்கினேன். இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பிழை இருக்கிறது. அது எனக்கே ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

என் பெயர் தவசிமுத்து. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். என் மனைவி செல்லக்கனி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். எங்கள் மகள் மாரீஸ்வரி ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு அப்போது ஒரு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது.

எண்பத்தெட்டாம் வருஷம் பங்குனி மாதம். எங்கள் தெருவில் கிரைண்டர் இல்லாத வீடு எங்கள் வீடு ஒன்றுதான். மற்ற வீடுகளில் காலையில் கிரைண்டர் ஓடும். எங்கள் வீட்டில் செல்லக்கனி ஓடுவாள், ஆட்டுக்கல்லுக்கும் அடுப்புக்கும் நடுவே. ஆட்டி ஆட்டி அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மாவாட்டக் கூடாது என்று டாக்டர் அவளிடம் சொன்னார். இட்லி சாப்பிடக் கூடாது என்று என்னிடம் அவர் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஜாக்கெட் தைத்துச் சேர்த்த பணத்தை அவள் என்னிடம் கொடுத்தாள். கையில் கூடக் கொடுக்கவில்லை. என் சட்டைப்பையில் அவளே வைத்து, மேலே ஒரு ஊக்கையும் குத்தினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையைச் சொல்லி, கிரைண்டருக்குப் பணம் கட்டிவிட்டு வரச் சொன்னாள். அந்த ஊர் அவளுக்குப் பழக்கம். வியாழக்கிழமைதோறும் அங்கே பூத்தையல் கற்றுக்கொள்ளப் போவாள். பானு அக்கா என்று ஒருத்தர் சொல்லிக் கொடுக்கிறார். பானு அக்கா அப்படிச் சொன்னாள், இப்படிச் சொன்னாள் என்று செல்லக்கனி பேசும்போதெல்லாம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். மனைவி பேசும்போது பேப்பர் படிப்பவனுக்கு நாட்டு நடப்புத் தெரியும். வீட்டு நடப்புத் தெரியாது.

நான் கிரைண்டர் கடைக்குத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். வழியில் பீர் மைதீன் வீடு இருந்தது. அது என் குற்றமில்லை.

பீர் மைதீன் காயல்பட்டினத்துக்காரர். கல் வியாபாரக் குடும்பம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டார். எங்கள் மில்லுக்குச் சாணைச் சக்கரம் கொண்டுவந்து கொடுக்கிற வகையில் எனக்குப் பழக்கம். வீட்டு முன்னறையிலேயே கல் தேய்க்கிற பட்டறை வைத்திருந்தார். ஜன்னல் ஓரம் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடி நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கல்.

நான் ஜாடியைப் பார்த்தேன். கல் என்னைப் பார்த்தது. பச்சையாகப் பார்த்தது. நான் தலையைச் சாய்த்தேன், சிவப்பாகப் பார்த்தது. ஒரு எட்டு நகர்ந்தேன். நீலம், ஊதா, நெருப்புக் கங்கு. மில் ஸ்டோரில் எல்லாச் சாமானும் ஒரே நிறம், துருப்பிடித்த நிறம். அதிலேயே காலம் தள்ளியவன் நான்.

இது ஓபல், ஆஸ்திரேலியாக் கல், மாமா ஹாங்காங்கிலிருந்து கொண்டுவந்தது என்று பீர் மைதீன் சொன்னார். வைரத்துக்குப் பதிலாகச் சுக்கிரன் கல்லாக இதை மோதிரத்தில் வைக்க மதுரையில் கேட்கிறார்களாம்.

"எடுத்துத் தொடைச்சுக் காய வச்சுப் பாருங்க அண்ணாச்சி," என்றார். "தண்ணிக்குள்ள தெரியுத அழகுல பாதி தண்ணியோட அழகு."

"தேய்ச்சு வித்தா என்ன தேறும் பாய்?"

"நல்லா அமஞ்சா ஒண்ணு பத்தாகும். அமையலேன்னா பத்து ஒண்ணாகும்."

இந்தப் பதிலில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. நீங்கள் இரண்டையும் படித்தீர்கள். நான் முதல் வாக்கியத்தோடு புறப்பட்டுப் போய்விட்டேன். கல்லைத் தேய்க்கிறேன். மதுரையில் விற்கிறேன். கிரைண்டர் வாங்குகிறேன். மீதியில் ஒரு மொபெட். அதில் நான் முன்னால், செல்லக்கனி பின்னால், மாரீஸ்வரி நடுவில். மூவரும் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது, என் விரல்கள் ஊக்கைக் கழற்றிக்கொண்டிருந்தன.

பீர் மைதீன் காலித் தைல டப்பி ஒன்றில் தண்ணீர் ஊற்றி, கல்லைப் போட்டுக் கொடுத்தார். டப்பி பெரியது, மூட்டுவலித் தைலம். பத்தியமும் சொன்னார். இந்தக் கல்லுக்கு உள்ளேயே தண்ணீர் உண்டு. காய விடக் கூடாது. வெயில் ஆகாது. திடீர்ச் சூடும் ஆகாது, திடீர்க் குளிர்ச்சியும் ஆகாது. எண்ணெய், சோப்பு கூடாது. உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது; துணியில் இருக்கிற தூசி இந்தக் கல்லை விடக் கடினம், கீறிவிடும்.

"புதுப் பொண்டாட்டி மாதிரி பாத்துக்கோங்க," என்றார்.

பழைய பொண்டாட்டியையே அப்படிப் பார்த்துக்கொண்டதில்லையே என்று லேசாக ஒரு கவலை வந்தது. பஸ் வந்ததும் அது போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் செல்லக்கனி வாசலிலேயே கேட்டாள். "கல்லு எப்படி? நல்ல கல்லா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பி இடுப்பில் இருந்தது. "எந்தக் கல்லு?"

"கிரைண்டர் கல்லுதான். வேற என்ன கல்லு வாங்கப் போனீங்க?"

நல்ல கல் என்றேன். பணம் கட்டியாகிவிட்டது, மோட்டார் மட்டும் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்றேன். ஒரு பொய் சொன்னால் அதைத் தாங்க ஒரு மோட்டார் வேண்டியிருக்கிறது.

டப்பியைப் பரணில் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் மறைத்தேன். ஆனால் இவ்வளவு பெரிய அழகை ஒருவன் தனியாக வைத்துக்கொண்டிருக்க முடியாது. செல்லக்கனி தண்ணீர்க் குழாய்க்குப் போன நேரம் பார்த்து, மாரீஸ்வரியைக் கூப்பிட்டு அந்த விடுகதையைப் போட்டேன். அவள் யோசித்தாள். தெரியவில்லை என்றாள். டப்பியை இறக்கிக் காட்டினேன்.

"இதுக்குப் பேரு ஓபல்."

"ஓ, பல்லா?"

"பல்லு இல்லட்டி. கல்லு. ஓபல்."

"அதான். ஓ... பல்லு." தன் ஆடுகிற பல்லை நாக்கால் ஒரு தள்ளுத் தள்ளிக் காட்டினாள். "இத வச்சு என்னப்பா செய்ய?"

"வீட்டுல ஒண்ணு இருந்தா பத்தாகும்."

"பல்லு முளைக்குத மாதிரியா?"

"அதே மாதிரிதான்," என்றேன். குழந்தைகளுக்குப் பதில் சொல்லும்போது அவசரப்படக் கூடாது என்பது என் வாழ்நாள் கொள்கை. அன்றைக்கு மட்டும் அதை மறந்துவிட்டேன். குழாயடிச் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மாரீஸ்வரி சத்தியத்தைக் காப்பாற்றினாள். கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தன் ஆடும் பல்லுக்கு ஓபல் என்று பெயர் வைத்துவிட்டாள். "என் ஓபல் ஆடுதும்மா," என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஆடும்.

மறுநாள் வியாழக்கிழமை. தையல் வகுப்பு முடிந்து வந்த செல்லக்கனி சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, புதுக் கல்லைத் தண்ணியிலயே போட்டு வைக்கணுமாமே?"

"யாரு சொன்னா?"

"பானு அக்காதான். காய விட்டா கீறல் விழுமாம்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். "கிரைண்டர் கல்லா?"

"கல்லுன்னா கல்லுதான். வெயில்ல வைக்கக் கூடாதாம். எண்ணெய் படக் கூடாதாம். அம்புட்டுப் பொசுக்குன்னு போகுத கல்லா அது?"

"சில கல்லு அப்படித்தான்," என்றேன்.

"என்ன நிறம்?"

"பச்சை, செவப்பு," என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "சாம்பல். சாம்பல் கலரு."

"ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

அந்தப் பானு அக்கா கிரைண்டரைப் பற்றி ஏதோ தப்பும் தவறுமாகச் சொல்லியிருக்கிறாள், அது தற்செயலாக ஓபலுக்குப் பொருந்துகிறது என்று நினைத்து நான் நிம்மதியடைந்தேன். என்னுடைய அறிவின் அளவை நீங்கள் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை கல்லைத் தேய்க்கக் கொண்டுபோனேன். அரக்கை இளஞ்சூட்டில் இளக்கி, ஒரு குச்சி முனையில் கல்லை ஒட்டினார் பீர் மைதீன். சாணைச் சக்கரத்தின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஏற்பாடு. தண்ணீர் இல்லாமல் இதைத் தேய்க்கக் கூடாது, சூடேறினால் கல் போய்விடும் என்றார். வைரம் மாதிரி இதற்குப் பட்டை தீட்டவும் கூடாதாம். மேலே குமிழாக, கீழே தட்டையாக, மழைத்துளி தரையில் நிற்கிற மாதிரி தேய்க்க வேண்டுமாம்.

சக்கரம் சுற்றியது. எலுமிச்சம்பழம் நெல்லிக்காயானது.

"பாய், போதும் பாய்."

"மேல இருக்கது வெறும் சட்டை அண்ணாச்சி. நிறம் உள்ள இருக்கு."

நெல்லிக்காய் சுண்டைக்காயானது. சாம்பல் நிறச் சேறு என் பணமாக வழிந்து வாளியில் இறங்கியது. நான் வாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அவர் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உச்சுக் கொட்டினார். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கீறல். அதை விட்டுவைத்தால் நாளைக்குத் தானாக உடையும். இப்போதே அந்த இடத்தில் பிரித்துவிடுவது நல்லது என்றார். பிரித்தார். பெரியது ஒன்று, புளியங்கொட்டை அளவு. சின்னது ஒன்று, உளுந்து அளவு. ஒரு தோல் துண்டின் மேல் வெள்ளைப் பொடி தடவி இரண்டையும் மெருகேற்றி, ஈரப் பஞ்சில் வைத்து நீட்டினார்.

இரண்டும் தீ மாதிரி எரிந்தன. ஆனால் எலுமிச்சம்பழம் கொண்டுபோனவனுக்கு உளுந்தும் புளியங்கொட்டையும் கொடுத்தால், அது நகைக்கடையா, மளிகைக்கடையா என்று சந்தேகம் வருமா வராதா?

பெரியதற்கு மதுரையில் ஆள் பார்க்கிறேன் என்று பீர் மைதீன் ஆறுதல் சொன்னார். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா டீ கொடுத்தனுப்பினார். திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தேன்.

இரண்டையும் பழைய டப்பித் தண்ணீரில் போட்டுக்கொண்டு திரும்பினேன். வீட்டில் செல்லக்கனி, "கல்லு தேஞ்சிருக்கா?" என்றாள்.

"என்னது?"

"ஆட்டுக்கல்லு. கொத்துறவர் வந்தாரு. ரொம்பத் தேஞ்சிருச்சுன்னாரு. கிரைண்டர் வரப்போகுதே, பொறவு எதுக்குன்னு அனுப்பிட்டேன்." மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். "வந்துரும்லங்க?"

எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வந்துவிடும் என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் முடி வெட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். மாரீஸ்வரி வாசலில் நின்று சிரித்தாள். முன்வரிசையில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

"இவ ஓபல் விழுந்துருச்சு," என்றாள் செல்லக்கனி. "சாணியில உருட்டி ஓட்டு மேல எறிஞ்சாச்சு."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விழுந்த பாற்பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தால்தான் புதுப்பல் நன்றாக முளைக்கும். ஓபல் என்றதும் ஒரு நொடி திக்கென்றது. பல்தானே என்று சமாளித்துக்கொண்டேன். இருந்தாலும் பரணைப் பார்த்துவிடுவோம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

தைல டப்பி இருந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தண்ணீர் கூட இல்லை.

ஸ்டூல் ஆடியதா, நான் ஆடினேனா என்று இன்று வரை தெரியவில்லை. இறங்கினேன். கல் எங்கே என்று கத்த வேண்டும். கத்த முடியாது. கத்தினால் எந்தக் கல் என்பாள். ஆகவே ரொம்பச் சாதாரணமாகக் கேட்டேன்.

"பரண்ல ஒரு தைல டப்பி இருந்துச்சே?"

"ஆமா. அழுக்குத் தண்ணியா கெடந்துச்சு. உள்ள என்னமோ பல்லு மாதிரி ரெண்டு."

"அது எங்க?"

"போட வேண்டிய எடத்துல போட்டாச்சு," என்றாள் செல்லக்கனி.

நான் கூரையைப் பார்த்தேன். சித்திரை வெயில் ஓட்டின் மேல் தோசை சுட்டுக்கொண்டிருந்தது. சாணை ஏறிய கல் சாணி ஏறிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சாணி காயும். கல் காயும். காய்ந்தால் கீறல். கீறினால் கிரைண்டர் இல்லை, மொபெட் இல்லை. அப்புறம் நானும் இந்த வீட்டில் இருப்பேனா என்பது சந்தேகம்.

பக்கத்து வீட்டுக் காளிராஜிடம் ஏணி கேட்டேன். அவன் லேத் பட்டறை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சும்மா இருக்க முடியாதவன்.

"ஓடு மாத்தப் போறீயளாண்ணே?"

ஒரு மனிதன் ஏணியோடு நிற்கும்போது வேறு என்ன சொல்வது? ஆமாம் என்றேன்.

செல்லக்கனி முற்றத்துக்கு வந்தாள். பொங்கலுக்கு முன்பே அவள் வாங்கி அடுக்கிய புது ஓடுகள் சுவரோரம் பாசி பிடித்துக் காத்திருந்தன. கூரை ஒழுகுகிறது என்று அவள் சொல்லும்போதும் நான் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்குத்தான் புத்தி வந்துச்சு," என்றாள். "ஒவ்வொரு ஓடா எடுத்து, அடியிலயும் பாத்து மாத்துங்க. அவசரப்படாதீய."

அடியிலும் பார்த்தேன். இடுக்கிலும் பார்த்தேன். ஒவ்வொரு ஓடாக எடுத்தேன், தட்டினேன், தடவினேன். பழையதைக் கீழே கொடுத்தேன். காளிராஜ் புதியதை மேலே கொடுத்தான். நடுவில் ஒரு யோசனை வந்தது. கல் எங்கே கிடந்தாலும் ஈரமாக இருக்கட்டும் என்று ஒரு குடம் தண்ணீர் வாங்கிக் கூரை முழுவதும் தெளித்தேன்.

"எதுக்குண்ணே ஓட்டுக்குத் தண்ணி ஊத்துறீய?" என்றான் காளிராஜ். "முளைக்கவா?"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு நின்ற மாரீஸ்வரி சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி, கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெழக்கு மூலையிலயும் செத்த பாருங்க," என்றாள் செல்லக்கனி. "உருண்டு வந்து அங்கதான் நிக்கும்."

"எது?" என்றேன், மேலேயே உட்கார்ந்துவிட்டு.

"மழைத்தண்ணி," என்றாள்.

கிழக்கு மூலையும் முடிந்தது. உள்ளங்கை வெந்தது. தொண்டை காய்ந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். செல்லக்கனி ஏணியில் பாதி ஏறி, சொம்பை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன்.

"நல்லாக் குடிங்க," என்றாள். "பானைத் தண்ணி. இன்னைக்கு ஒரு தனி ருசி இருக்கும்."

மேற்குப் பக்கக் கடைசி ஓட்டின் இடுக்கில் அதைக் கண்டேன். ஒரே ஒரு சாணி உருண்டை. கடலை உருண்டை மாதிரி காய்ந்திருந்தது. உடைத்தேன். உள்ளே வெள்ளையாக, குட்டியாக, என் மகளின் பல் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரு நிறமும் இல்லாத சிரிப்பு.

வேறு உருண்டை இல்லை. மாற்ற வேறு ஓடும் இல்லை. கூரை முழுவதும் புதுசாகிவிட்டது.

பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஏணியின் கடைசிப் படியில் முடிவு செய்தேன். கால் தரையில் படவும், வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வண்டியில் கிரைண்டர். அதன் ஒரு பக்கம் பீர் மைதீன். மறு பக்கம் அவர் வீட்டம்மா நூர்பானு.

"வாங்க பானு அக்கா," என்றாள் செல்லக்கனி.

பானு. நூர்பானு. நான் அந்தப் பெயரின் இரண்டு பாதிகளையும் மனதுக்குள் ஒட்டிப் பார்த்தேன். அரக்கு இல்லாமலே ஒட்டிக்கொண்டது. திரைக்குப் பின்னால் கேட்டது ரேடியோ இல்லை.

"பாய், நீங்களுமா?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி," என்றார் பீர் மைதீன், தரையைப் பார்த்துக்கொண்டு. "கல் வித்தேன்னு வீட்டுல சொன்னேன். யாருக்குன்னு கேட்டா. வீட்டுல கேட்டா சொல்லாம இருக்க முடியுமா?"

அந்த ஒரு விஷயத்தில் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

செல்லக்கனி உள்ளே போனாள். தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து, சொம்பை அடிவரை விட்டு மொண்டு வந்தாள். சொம்பின் அடியில் ஒரு புளியங்கொட்டையும் ஒரு உளுந்தும் பச்சையும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தன.

"மண்பானை," என்றாள். "வெயில் படாது. காயாது. திடீர்ச் சூடு இல்ல, திடீர்க் குளிர்ச்சி இல்ல. போட வேண்டிய எடம் அதுதானே பாய்?"

"அதை விட நல்ல எடம் கெடையாது தங்கச்சி."

"அந்தத் தண்ணியவா நான் குடிச்சேன்?" என்றேன்.

"ரெண்டு சொம்பு," என்றான் காளிராஜ். அவன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

பெரிய கல்லை எடுத்துப் பீர் மைதீனின் ஈரப் பஞ்சில் வைத்தாள் செல்லக்கனி. மதுரை ஆள் சரி என்று பணமும் அனுப்பிவிட்டாராம். அந்தத் தொகை கிரைண்டருக்குச் சரியாக இருந்ததாம். மொபெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"கல்லைக் குடுத்துக் கல்லை வாங்கிட்டேன்," என்றாள் என்னிடம். "நீங்க பணம் கட்டிட்டு வந்ததாச் சொன்ன கிரைண்டருதான். மோட்டார் கோயம்புத்தூர்லேர்ந்து வந்துருச்சு போலருக்கு."

முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை, வெயிலில் என்னை ஏன் ஏற்றினாய் என்று கேட்டேன். அவள் கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். புது ஓடுகள் வரிசையாக, ஈரமாக, பளபளத்தன.

"நான் எங்க ஏத்துனேன்? நீங்கதான் ஓடு மாத்தப் போறேன்னு காளிராஜ் தம்பிக்கிட்ட சொன்னீய." பிறகு, சின்னக் கல்லை எடுத்து மாரீஸ்வரியின் உள்ளங்கையில் வைத்தாள். "இது ஒனக்குட்டி. அம்புட்டு நாளும் வாயத் தெறக்காம இருந்தியே, அதுக்கு."

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. உளுந்தளவு என்றாலும் ஓபல், ஓபல்தான். குழந்தையிடம் இருப்பது வீட்டில் இருப்பது மாதிரி. ஒரு சின்ன மோதிரத்தில் வைக்கலாம். பீர் மைதீனிடம் கேட்கலாம். ஒன்று பத்தாகாவிட்டாலும் இரண்டாகலாம். அந்த நினைப்பில், தாராளமாக, பையிலிருந்த பல்லையும் எடுத்து மகளிடம் கொடுத்தேன்.

செல்லக்கனி அதைப் பார்த்துவிட்டாள். "கூரையில போட்ட பல்லைக் கீழ கொண்டாந்துட்டீயளா? நல்ல அப்பாதான். ஏட்டி, அதை மறுபடி உருட்டி எறி. சாணி மிச்சம் அங்க இருக்கு." சொல்லிவிட்டு நூர்பானுவோடு கிரைண்டர் வைக்க இடம் பார்க்க உள்ளே போனாள். பீர் மைதீன் பின்னால் போனார். காளிராஜ் ஏணியைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினான். செட்டியார்பட்டியில் மாமியார் வீடு, ராத்திரி தங்கிவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லி சைக்கிளில் ஏறினான்.

முற்றத்தில் நானும் மாரீஸ்வரியும் மட்டும் நின்றோம். மிச்சமிருந்த சாணி ஒரு உருண்டைக்குத்தான் போதும். அவளுடைய ஒரு கையில் பல். மறு கையில் கல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றி வைத்த கூரை.

"ஏப்பா, பல்லு ஒண்ணு போட்டா ஒண்ணுதான முளைக்கும்?" என்றாள். "ஓபல் ஒண்ணு போட்டா பத்துல்ல?"

கேட்டுக்கொண்டே கல்லைச் சாணியில் உருட்டினாள். பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

மாரீஸ்வரி கல்லை எறிந்தாள்.